மூல நூல்

சாஜித்தின் அத்தா அப்துல் கஃபார், ஒரு கடையைக் கொடுத்துவிட்டு ஒரு புத்தகத்தை வாங்கிக்கொண்டவர். தாம்பரத்தில் இந்தக் கதை தெரியாதவர்கள் யாராவது இருந்தால், அவர்கள் சாஜித்தின் அம்மா ஷம்சாத்தை இன்னும் சந்திக்கவில்லை என்று பொருள்.

தாத்தா மவுத்தான பிறகு அண்ணனும் தம்பியும் சொத்துப் பிரிக்க உட்கார்ந்தபோது, பிரிக்கும்படியாக இரண்டே பொருள்கள் இருந்தன. ஒன்று, சண்முகம் சாலையில் இருந்த சூட்கேஸ் கடை. இன்னொன்று, பச்சைப் பட்டுத்துணியில் சுற்றி பீரோ மேல் வைத்திருந்த பழைய அரபுக் கிதாபு. பெரியத்தா அன்று ரொம்பப் பெருந்தன்மையாக இருந்தார். "உனக்கு எது வேணுமோ நீ மொதல்ல எடுத்துக்கப்பா" என்றார். அத்தா கிதாபை எடுத்துக்கொண்டார். அந்த நேரத்தில் பெரியத்தாவுக்கு ஓர் இருமல் வந்தது. அது இருமலே இல்லை, சிரிப்பு என்று அம்மா இன்றுவரை சாட்சி சொல்கிறாள்.

அத்தாவிடம் காரணம் இருந்தது. தாத்தா கடைசிப் படுக்கையில் இரண்டு பிள்ளைகளையும் கூப்பிட்டு, "அது மூலக் கிதாபு. நம்ம பரம்பரைக்கு அது இல்லாம முடியாது. கை விட்டுடாதீங்க" என்று சொல்லியிருந்தார். மூலம் என்றால் ஆதி, வேர், எல்லாவற்றுக்கும் முதல். யாரோ ஒரு பெரிய ஆலிம் தன் கைப்பட எழுதிய மூலப் பிரதி என்று அத்தா எடுத்துக்கொண்டார். ரமலானுக்கு ஒருமுறை துணியைப் பிரித்து, முதல் பக்கத்தில் இருந்த பிஸ்மில்லாவையும் துஆவையும் ஓதி, அத்தர் தடவி, கண்ணில் ஒற்றி, திரும்பவும் சுற்றி வைத்துவிடுவார். முதல் பக்கத்தைத் தாண்டும் தகுதி தனக்கு இல்லை என்பது அவருடைய பணிவு.

அதற்குப் பிறகு பெரியத்தா கடையில் உட்கார்ந்தார். அத்தா குரோம்பேட்டையில் ஒரு ஜவுளிக்கடையில் நின்றார். இது பேச்சுக்குச் சொல்வதல்ல. சேல்ஸ்மேன் வேலையில் காலை முதல் இரவு வரை நிற்கத்தான் வேண்டும். நடுவில் அரசாங்கம் ஒரு சட்டம் போட்டு, கடை ஊழியர்களுக்கு உட்கார இடம் தர வேண்டும் என்றது. முதலாளி உடனே ஸ்டூல் வாங்கிப் போட்டார். இப்போது அதன் மேல் காட்டன் புடவைக் கட்டு உட்கார்ந்திருக்கிறது.

இப்படியே போயிருந்தால் சாஜித் பி.காம். முடித்துவிட்டு தானும் எங்காவது நின்றிருப்பான். ஆனால் போன வாரம் பெரியத்தா வீட்டிலிருந்து தங்க எழுத்தில் ஓர் அழைப்பிதழ் வந்தது. கடைக்கு மேலே மாடி எடுத்து ஏசி போட்டிருக்கிறார்களாம், திறப்பு விழாவாம். அம்மா அதைக் காந்தம் வைத்து ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டினாள். தண்ணீர் குடிக்கப் போகிறவர்களெல்லாம் அதைப் படித்துவிட்டுத்தான் குடிக்க வேண்டியிருந்தது.

"ஊர்ல எல்லாரும் கடைக்கு மாடி கட்டறாங்க. நாமளும் சும்மா இல்லையே, கிதாபுக்குத் துணி மாத்தறோம்ல" என்றாள்.

அத்தா சோற்றைப் பிசைந்தார். பிசைந்தவர் சாப்பிடவில்லை. சாஜித்துக்கு அதுதான் தாங்கவில்லை. தன் அத்தா மகானா, ஏமாளியா? இருபது வயதுக்குள் ஒரு பிள்ளைக்கு இது தெரிந்திருக்க வேண்டும். விற்க வேண்டாம், ஒரு தொகை தெரிந்தால் போதும். கடையை விடப் பெரிய தொகை என்றால் அதைத் தாளில் எழுதி அதே ஃபிரிட்ஜில், அதே காந்தத்தில் ஒட்டிவிடலாம்.

அவன் போய்க் கேட்டதும் அத்தா யோசித்துவிட்டு, "விக்க மாட்டேன். வெல கேக்கறது தப்பில்ல, கேட்டுக்க. ஆனா ஒளு இல்லாம தொடக் கூடாது" என்றார்.

ஒளு என்றால் முகம், கை, கால் கழுவிச் சுத்தமாவது; வயிற்றுக் காற்று பிரிந்தால்கூட முறிந்துவிடும். மூன்று நாள் சாஜித் ஒளுவோடு அலைந்தான். ஒளுவோடு மாநகரப் பேருந்தில் போகிறவனுக்குத்தான் தெரியும், மனித உடம்பு எத்தனை நம்பிக்கைத் துரோகி என்று.

முதலில் ரயில் நிலையத்துப் பக்கம் பழைய புத்தகக் கடை வைத்திருக்கும் சிட்டிபாபு. கழுத்தளவு கைடுகளுக்கு நடுவில் தலை மட்டும் தெரிந்தது.

"இன்னா புக்கு தம்பி? ப்ளஸ் டூவா, நீட்டா?"

"பழைய புக்குண்ணா."

"பழசுன்னா எந்த சிலபஸ்?"

"சிலபஸ் எல்லாம் இல்லண்ணா. நூறு, நூத்தம்பது வருஷத்துப் புக்கு."

"அப்ப மாறிப் போயிருக்கும்." சிட்டிபாபு துணியைப் பிரிக்கக்கூட இல்லை. "த பாரு, என் கடையில ரெண்டே டைப் புக்குதான். எக்ஸாமுக்கு வர்றது, எக்ஸாமுக்கு வராதது. இது வருமா?"

"வராதுண்ணா."

"அப்ப இது இன்னாத்துக்கு கீது?"

அம்மா இத்தனை வருடமாகக் கேட்கும் கேள்வி. அதையே இன்னொருவர் வாயால் கேட்க ஒளு செய்துகொண்டு வந்திருக்க வேண்டாம்.

"கனமா கீது. வாணும்னா எடைக்குப் போட்டுக்கறேன். அந்தத் துணி நல்லா கீது, அதைத் தனியா குடுப்பியா?"

அடுத்து, பழம்பொருள் வாங்குவோர் விற்போர் குழு ஒன்றில் சாஜித் போட்டோ போட்டான். 'மிகப் பழமையான அரபு மூல நூல். மதிப்பு அறிய விரும்புகிறேன்' என்று மரியாதையாகத்தான் எழுதினான். முதல் பதில், 'லாஸ்ட் பிரைஸ்?' இரண்டாவது பதிலும் அதுதான். முதல் விலையே தெரியாமல் தவிப்பவனிடம் ஊர் முழுக்க கடைசி விலை கேட்டது. டிராக்டர் போட்ட ஐந்து ரூபாய் நோட்டுக்கு மாற்றிக்கொள்வாயா என்று ஒருவர் கேட்டார். பீரோவும் சேர்த்தா என்று படத்தில் பின்னால் தெரிந்த பீரோவைப் பார்த்து ஒருவர் கேட்டார். பீரோவுக்குத்தான் நிஜமாகவே ஆள் வந்தார்கள். பெரியத்தா மகன் மஹீன் ஒரு கட்டைவிரலைப் போட்டுவிட்டுப் போயிருந்தான்.

அந்தக் குழுவிலேயே ஒருவர் இரக்கப்பட்டு ஷ்யாம்சுந்தரின் முகவரியைத் தந்தார். சேலையூரில் ஓர் அடுக்ககத்தின் நான்காவது மாடியில், தொன்மை நூல்களைக் காப்பதற்கென்று ஓர் அறக்கட்டளை நடத்துபவர். லிஃப்ட் வேலை செய்யவில்லை. சாஜித்தை ஸ்கூட்டரில் கொண்டுவந்து இறக்கிய வகுப்புத் தோழன் சாலமன், "நீ போய்ட்டு வா மச்சான், நான் கீழ டீக்கடையில உன் புக்குக்காக ஜெபம் பண்றேன்" என்று சொல்லிவிட்டான்.

ஷ்யாம்சுந்தர் வெள்ளைக் கையுறை மாட்டிக்கொண்டார். அதைப் பார்த்ததும் சாஜித் மனசுக்குள் கணக்குப் போட்டான். கையுறை மாட்டிக்கொண்டு தொடுகிறார் என்றால் லட்சத்துக்குக் குறையாது.

"மூல நூலா, நகலா?"

"மூல நூல்தான் சார். எங்க தாத்தா மவுத் ஆகறப்ப சொன்னாரு."

"எந்தத் துறை?"

"தெரியல சார். அரபு."

"அரபு எனக்கு வராது. ஆனா பழமை தெரியும்." புத்தகத்தை மூக்கருகே கொண்டுபோய்க் கண்ணை மூடிக்கொண்டார். அத்தர் வாசனை போக மீதி வாசனையை அவர் பிரித்தெடுக்கும்வரை சாஜித் மூச்சுவிடாமல் இருந்தான். "ஆகா" என்றார்.

"எவ்ளோ சார் போகும்?"

"இதெல்லாம் விலைமதிப்பற்றது தம்பி."

"சரி சார். தோராயமா?"

"விலைமதிப்பற்றதுக்குத் தோராயம் எப்படிச் சொல்றது?"

"ஒரு கடை அளவுக்குப் போகுமா சார்? ஷட்டர் போட்ட கடை. மாடி இருக்கு. ஏசி."

"கடையா! இதுக்கு முன்னாடி ஒரு தெருவே நிக்காது."

"அந்தத் தெருவை யாராச்சும் குடுப்பாங்களா சார்?"

ஷ்யாம்சுந்தர் கையுறையை ஒவ்வொரு விரலாகக் கழற்றினார். "பணத்தால அளக்கக் கூடாது. எங்க அறக்கட்டளைக்கு அன்பளிப்பா குடுத்துடுங்க. கண்ணாடிப் பெட்டியில வெச்சு, கீழ உங்க குடும்பப் பேரைப் போட்டுடறேன். பெட்டிச் செலவு மட்டும் நீங்க பாத்துக்கிட்டாப் போதும்."

நான்கு மாடியும் இறங்கும்போது அந்தச் சொல்லை சாஜித் பிரித்துப் பிரித்துப் பார்த்தான். விலை. மதிப்பு. அற்றது. சிட்டிபாபு அண்ணன் சொன்னதும் இதையேதான். அவர் கையுறை இல்லாமல் சொன்னார். கடைசிப் படியில் நின்று, ஆத்திரத்தோடு போனை எடுத்துக் குழுவில் எழுதினான்: 'விலைமதிப்பற்றது என்று நிபுணரே சொல்லிவிட்டார். இனிமேல் எவனும் லாஸ்ட் பிரைஸ் கேட்க வேண்டாம்.'

டீக்கடையில் சாலமன் வாழைக்காய் பஜ்ஜியோடு காத்திருந்தான். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "பேஜாராப் போச்சே மச்சான்" என்றான். "ஆமா, உனக்குத்தான் அரபு படிக்கத் தெரியுமே. உள்ள இன்னா எழுதி கீதுன்னு நீயே பாக்க வேண்டியதுதான?"

"படிக்கத் தெரியும்டா, அர்த்தம் தெரியாது. சின்ன வயசுல மதரஸாவுல ஓதத்தான் சொல்லிக் குடுத்தாங்க."

"சும்மா படி. சவுண்டாவது எப்டி கீதுன்னு கேப்போம்."

சாஜித்துக்கு இருந்த எரிச்சலில் எதையாவது சத்தம் போட்டுச் சொல்லித் தீர்க்க வேண்டும் போலிருந்தது. துணியைப் பிரித்து முதல் பக்கத்தை மரியாதையாகப் புரட்டினான். குடும்ப வரலாற்றில் முதல்முறையாக இரண்டாம் பக்கம் திறந்தது. அரபு எழுத்துதான், ஆனால் அங்கங்கே வழக்கத்துக்கு மேல் புள்ளிகள். பழங்காலத்துப் புள்ளிகள் போல என்று நினைத்துக்கொண்டு, விரல் வைத்து எழுத்துக் கூட்டினான்.

"வெ... ளி... மூ... ல... ம்."

சாலமன் மெல்லுவதை நிறுத்தினான். "இன்னா சொன்ன?"

"நான் எங்க சொன்னேன்? இதுல இருக்கறத ஓதறேன். குறுக்கப் பேசாத. உ... ள்... மூ... ல... ம். ர... த்... த..."

"டேய், நிறுத்து. தமிழ்ல பேசற நீ."

"பேசலடா, படிக்கிறேன்!"

"வெளிமூலம், உள்மூலம், ரத்தமூலம்னு சொல்றடா. எங்க மாமா ஓட்ற ஷேர் ஆட்டோவுக்குள்ள நோட்டீஸ் ஒட்டி கீது, அதுலயும் இதே ஆர்டர்தான்."

சாஜித் அடுத்த வரியை வாய்க்குள் கூட்டினான். பிறகு அதற்கடுத்த வரியை. சந்தேகமே இல்லை. எழுத்து அரபு, பாஷை தமிழ். அந்தக் காலத்து முஸ்லிம் வீடுகளில் கடிதம், மருந்து, சமையல் என்று எல்லாவற்றையும் இப்படி அரபு எழுத்தில் தமிழாக எழுதும் பழக்கம் இருந்தது என்று அவன் பின்னால் தெரிந்துகொண்டான். அந்த நிமிடம் அவனுக்குத் தெரிந்ததெல்லாம் ஒன்றுதான். "மலம் இறுகி, கடுப்பும் எரிச்சலும் கண்டு, குந்த மாட்டாமல்..." என்று அந்த நூல் நிதானமாக விவரித்துக்கொண்டே போனது.

"மச்சான்," என்றான் சாலமன் பஜ்ஜியைத் தட்டில் வைத்துவிட்டு, "நான் சாப்ட்டுகினு கீறேன்."

மூலக் கிதாபு. தாத்தா பொய் சொல்லவில்லை. ஒரு எழுத்துக்கூட மாற்றிச் சொல்லவில்லை. கேட்டவர்கள்தான் கொஞ்சம் மேலே போய்விட்டார்கள். சாஜித்துக்கு வரிசையாக எல்லாம் கண்முன் வந்தது. குடும்பத்தில் நடந்த அத்தனை நிக்காஹிலும் மாப்பிள்ளை முதலில் கண்ணில் ஒற்றிக்கொண்டது இதை. பத்தாம் வகுப்புக் கணக்குப் பரீட்சைக்குப் போகும் முன் அத்தா அவன் தலையில் வைத்து துஆ செய்ததும் இதையே. அந்தப் பரீட்சையில் தான் ஏன் அவ்வளவு முக்கினோம் என்பது இப்போது விளங்கியது.

கடப்பேரியில் வீட்டு வாசலில் பெரியத்தாவின் கார் நின்றது.

உள்ளே பெரியத்தா பிளாஸ்டிக் நாற்காலியில், கையோடு கொண்டுவந்திருந்த நடுவில் ஓட்டை போட்ட நீலநிற ரப்பர் வளையத்தின் மேல், பாதி உட்கார்ந்தும் பாதி உட்காராமலும் இருந்தார். கல்லாவில் உட்கார்ந்து உட்கார்ந்தே கடையை வளர்த்தவர். எதிரில் அத்தா, வழக்கம்போல, நின்றுகொண்டிருந்தார்.

"வா சாஜித். மஹீன் போன்ல காமிச்சான். நிபுணரே சொல்லிட்டாராமே." பெரியத்தாவின் குரலில் தேன் ஒழுகியது. "வெலமதிப்பற்றதுன்னா சும்மாவா. அதான் உங்க அத்தாகிட்ட பேசிட்டு இருந்தேன். ரத்த பந்தத்துல நாளைக்கு ஒரு மனக்கசப்பு வரக் கூடாது பாரு. கிதாபை என்கிட்ட குடுத்துடட்டும். கீழ்க் கடை அவனுக்கு. மாடி எனக்கு. நாளைக்கே எழுதிடலாம்."

சமையலறை வாசலில் ஷம்சாத் கையில் கரண்டியோடு உறைந்து நின்றாள். கரண்டியிலிருந்து குழம்பு சொட்டிக்கொண்டிருந்தது.

"இல்லண்ணே," என்றார் அத்தா. "கிதாபு விக்கறதுக்கில்ல."

"நான் எங்கடா வெலைக்குக் கேட்டேன்? மாத்திக்கலாம்னுதான சொல்றேன்."

"மாத்தறதுக்கும் இல்லண்ணே. நம்ம வாப்பா கை விடாதீங்கன்னு சொல்லிட்டுப் போனாரு."

சாஜித் இருவரையும் மாறி மாறிப் பார்த்தான். கடை இதோ, கைக்கெட்டும் தூரத்தில் நிற்கிறது. அத்தா கிதாபை விட வேண்டுமென்றால் உண்மையைச் சொல்ல வேண்டும். பெரியத்தா கடையை விட வேண்டுமென்றால் உண்மையைச் சொல்லக் கூடாது. இரண்டு பேரும் ஒரே அறையில் உட்கார்ந்தும் நின்றும் இருக்கிறார்கள்.

"அத்தா, ஒரு நிமிஷம் உள்ள வாங்க. அவசரம்" என்று இழுத்துக்கொண்டு சமையலறைக்குள் போனான். அம்மா குழாயைத் திறந்துவிட்டாள், சத்தம் வெளியே போகக் கூடாதே. அவளுக்கு என்ன விஷயம் என்று தெரியாது. ரகசியம் என்றால் குழாயைத் திறப்பாள், அவ்வளவுதான்.

"அத்தா, கோவப்படாதீங்க. அது அரபு இல்ல. அரபு எழுத்துல இருக்கற தமிழ். இரண்டாம் பக்கத்துலேர்ந்து நானே படிச்சேன். மூலம்னா ஆதி இல்லத்தா. மூல வியாதி. பைல்ஸ். புக்கு முழுக்க அதுதான்."

அத்தா ஓடுகிற தண்ணீரைப் பார்த்தார்.

"நீ ஒளுவோடதான படிச்ச?"

"அத்தா!"

"சரி, சரி."

"யோசிச்சுப் பாருங்க. அவரு கடையே குடுக்கறேங்கறாரு. நீங்க ஒரு பொய்யும் சொல்ல வேணாம். 'சரிண்ணே'ன்னு ஒரே ஒரு வார்த்தை. நாளையிலேர்ந்து நீங்க உக்காரலாம் அத்தா."

அந்தக் கடைசி வார்த்தையில் அத்தாவின் முகம் கொஞ்சம் இளகியது மாதிரி இருந்தது. அம்மா குழாயை மூடினாள். மூன்று பேரும் கூடத்துக்கு வந்தார்கள். அத்தா தொண்டையைச் செருமினார். சாஜித் மனசுக்குள் அந்த ஒற்றை வார்த்தையை அவருக்காகச் சொல்லிப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"அண்ணே," என்றார் அத்தா, "பெரிய ஏமாத்தம் நடந்துருக்கும். அல்லா காப்பாத்தினான். அது மூல வியாதிக்கு வைத்தியம் எழுதின புஸ்தகமாம். புள்ள படிச்சுட்டு வந்து இப்பத்தான் சொல்றான்."

சாஜித் சுவரில் தலையைச் சாய்த்துக்கொண்டான். ஷம்சாத் கரண்டியைத் தரையிலேயே வைத்துவிட்டு உட்கார்ந்தாள்.

"கேட்டுக்குங்க," என்றாள் பொதுவாக, மேலே பார்த்து. "கடையக் குடுத்து மூலத்த வாங்கிட்டு வந்துருக்காரு என் புருஷன்."

பெரியத்தா சிரிக்கவில்லை. இருமவும் இல்லை. ரப்பர் வளையத்தின் மேல் மெல்ல முன்னால் நகர்ந்தார்.

"எந்த மூலம்?"

"எல்லா மூலமும்தான் பெரியத்தா" என்றான் சாஜித் உயிரில்லாமல். "வெளி, உள், ரத்தம்."

"ரத்தமும் இருக்கா?" பெரியத்தாவின் கண் கலங்கியது. "வர்ற வாரம் ஆபரேஷன். எண்பதாயிரம் சொல்றாங்க. எனக்குக் கத்தின்னாலே கொல நடுங்குது. வாப்பாவுக்கும் இதேதான், ஞாபகம் இருக்காடா கஃபாரு? கடைசி வரைக்கும் ஒருச்சாய்ச்சே உக்காருவாரு."

எண்பதாயிரம். மூன்று நாளாக அலைந்ததில் அந்தப் புத்தகத்தின் பக்கத்தில் வந்த முதல் தொகை. அதுவும் ஆஸ்பத்திரி சொன்னது.

"பெரியத்தா, அந்தக் கீழ்க் கடை..."

"எந்தக் கடை?" என்றார் பெரியத்தா. "நீ படிப்பா மொதல்ல. மருந்து இன்னான்னு போட்டுருக்கு?"

அத்தாவும் தலையாட்டினார். சாஜித் போய் மறுபடி ஒளு செய்துவிட்டு வந்தான். இனி எதற்கு என்று கேட்க நினைத்தான், கேட்கவில்லை. எழுத்துக் கூட்டிப் படித்தான். அரைப்பக்கம் எரிச்சல், கால்பக்கம் எச்சரிக்கை, அப்புறம்தான் மருந்து.

"து... த்... தி. துத்தி இலையை ஆமணக்கெண்ணெய் விட்டு வதக்கி, இளஞ்சூட்டில் வைத்துக் கட்டவும்."

"துத்தியா?" ஷம்சாத் தரையிலிருந்து எழுந்தாள். "நம்ம கொல்லைப்பக்கம் காம்பவுண்டு ஓரமா மண்டிக் கெடக்கே, அந்தத் துத்தியா? இது யாருக்குத் தெரியாது? இதுக்கா ஒரு புஸ்தகம்? இதுக்கா ஒரு கடை?"

சொல்லிக்கொண்டே போய், வேரோடு நான்கு செடியைப் பிடுங்கிவந்து, பெரியத்தாவின் மடியில் போட்டாள். மண் அவர் வெள்ளை வேட்டியில் உதிர்ந்தது. அதைத் தட்டக்கூட மறந்து, குழந்தையை ஏந்துவது போல் துத்தியை ஏந்திக்கொண்டு காரை நோக்கி நடந்தார் பெரியத்தா. இனி தினமும் சாயங்காலம் வருவதாகவும், மீதிப் பக்கங்களை சாஜித் படித்துக் காட்டட்டும் என்றும் வாசலிலிருந்து சொன்னார்.

அத்தா புத்தகத்தை வாங்கி, பச்சைத் துணியில் முன்பு போலவே சுற்றினார். கண்ணில் ஒற்றப் போனவர், கொஞ்சம் தயங்கி, அப்புறம் ஒற்றினார்.

"அந்தச் சேலையூர்க்காரரு வெல இன்னாதான் சொன்னாரு?"

"விலைமதிப்பற்றதாம்" என்றான் சாஜித் பல்லைக் கடித்துக்கொண்டு.

"நான்தான் அப்பவே சொன்னேன்ல" என்றார் அத்தா ஷம்சாத்தைப் பார்த்து.

பெரியத்தா அவசரத்தில் நீல வளையத்தை நாற்காலியிலேயே விட்டுப் போயிருந்தார். அத்தா அதைத் தொட்டுப் பார்த்தார். அமுக்கிப் பார்த்தார். பிறகு மெதுவாக அதன் மேல் உட்கார்ந்தார். சூட்கேஸ் கடையிலிருந்து இத்தனை வருடத்தில் அவர் பங்குக்கு வந்தது அதுதான்.

"நல்லாத்தான்மா இருக்கு" என்றார்.